70 கிலோ: ‘பிளேக்ஸ் 7’ தொடரை மறுபடி பார்த்தபோது

குறைகளை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கதவைச் சாத்தினால் சுவர் ஆடுகிறது. எந்தக் கிரகத்தில் போய் இறங்கினாலும் அது ஒரு கல்குவாரி; மேலே இங்கிலாந்தின் அதே மப்பு வானம். விண்வெளிப் பேரரசின் தலைமைத் தளபதி உயரமான ஹீல்ஸ் செருப்பும் தரையைக் கூட்டும் கவுனுமாக அந்தக் குவாரி மணலில் நடந்து வருகிறார். அண்டத்திலேயே அதிபுத்திசாலிக் கணினி என்று எல்லோரும் அடித்துக்கொள்ளும் பொருள், உள்ளே ஒயரும் குட்டி பல்புகளும் போட்ட ஒரு கண்ணாடிப் பெட்டி. மீன்தொட்டி என்றால் யாரும் மறுக்க மாட்டார்கள். 1981இல் வந்த ஒரு எபிசோடில் பங்க் தலைமுடியோடு ஒரு ரவுடிக் கும்பல் மூன்று சக்கர வண்டிகளில் சுற்றித் திரிகிறது. எதிர்காலத்தின் பயங்கரக் கொள்ளையர்களாம். பயம் வரவில்லை, பாவமாக இருந்தது.

இதெல்லாம் தெரிந்தே 52 எபிசோடுகளையும் இரண்டாம் முறை பார்த்து முடித்தேன்.

பழைய, மலிவான அறிவியல் புனைகதைத் தொடர்களைப் பற்றிப் பேசுபவர்களிடம் வழக்கமான ஒரு பாராட்டு உண்டு: ‘காசில்லாமல் எடுத்தார்கள், ஆனாலும் நன்றாக இருக்கிறது.’ எனக்கு அந்த ‘ஆனாலும்’ உறுத்துகிறது. பிளேக்ஸ் 7இல் நன்றாக இருப்பதில் பெரும்பகுதி அந்தக் காசில்லாமையின் வயிற்றில் பிறந்தது. மோசமாக இருப்பதில் ஒரு பகுதிக்கோ காசு காரணமே இல்லை. இரண்டையும் பிரித்துப் பார்க்கத்தான் இந்தக் கட்டுரை.

தொடரைத் தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக: பிபிசி1இல் 1978 ஜனவரி 2 முதல் 1981 டிசம்பர் 21 வரை, சீசனுக்கு 13 எபிசோடு வீதம் நான்கு சீசன்கள். உருவாக்கியவர் டெர்ரி நேஷன். ‘டாக்டர் ஹூ’ தொடருக்கு டாலெக் என்ற இரும்பு வில்லன்களை 1963இல் கொடுத்தவர். முதல் சீசனின் 13 ஸ்கிரிப்டுகளையும் அவர் ஒருவரே எழுதினார். முதல் மூன்று சீசன்களுக்குத் தயாரிப்பாளர் டேவிட் மலோனி, நான்காவதற்கு வியர் லாரிமர். நான்கு சீசன்களுக்கும் ஸ்கிரிப்ட் எடிட்டராக இருந்தவர் கிறிஸ் பௌச்சர். இந்தப் பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், தொடரின் கூர்மைக்குப் பாதிக் காரணம் இவர்.

கதை எளிமையானது. பல நூற்றாண்டுகள் கழித்து, மனிதர்கள் குடியேறிய கிரகங்களையெல்லாம் ‘ஃபெடரேஷன்’ என்ற சர்வாதிகார அரசு ஆள்கிறது. பிளேக் என்ற கலகக்காரனும் அவனோடு நாடுகடத்தப்பட்ட சில குற்றவாளிகளும் யாரோ கைவிட்டுப் போன ஓர் அதிசயக் கப்பலைக் கைப்பற்றி அரசோடு மோதுகிறார்கள். கப்பலின் பெயர் லிபரேட்டர். ஜென்னா கடத்தல்காரி. வீலா பூட்டுத் திறக்கும் திருடன், பயந்தாங்கொள்ளி. கான் ஒரு காவலனைக் கொன்றவன். மறுபடி யாரையும் கொல்லாதபடி அவன் மூளைக்குள் ஒரு கருவியை வைத்திருக்கிறார்கள். ஏவான் வங்கிக் கணினியை ஏமாற்றிப் பணம் திருடப் பார்த்தவன். பிறகு சேரும் கேல்லி, பேசாமலே எண்ணங்களை அனுப்பத் தெரிந்த வேற்றுக்கிரகப் போராளி. ஆக ஆறு பேர். ஏழாவது யார்? கப்பலின் கணினியையும் கணக்கில் சேர்த்துக்கொள்ள வேண்டும். இரண்டு சீசன் முடிந்ததும் பிளேக்காக நடித்த காரெத் தாமஸ் ராயல் ஷேக்ஸ்பியர் கம்பெனிக்குப் போய்விட்டார். அதற்குப் பிறகு கிட்டத்தட்ட இரண்டு சீசன் பிளேக் இல்லாமலேயே பிளேக்ஸ் 7 ஓடியது. தலைப்பின் இரண்டு பாதிகளும் பொய்.

தேதிகளை ஒருமுறை பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ‘ஸ்டார் வார்ஸ்’ லண்டன் திரையரங்குகளுக்கு வந்தது 1977 டிசம்பர் 27. ஆறே நாள் கழித்து, திங்கள்கிழமை, பிளேக்ஸ் 7இன் முதல் எபிசோடு. அந்தப் படத்தின் செலவு சுமார் 1.1 கோடி டாலர். பிபிசி தொடருக்கோ, ஒரு போலீஸ் தொடர் ஓய்ந்த இடமும் அதன் செலவுக் கணக்கும்தான் வந்து சேர்ந்தன. போலீஸ் கதையில் எஃபெக்ட்ஸ் என்றால் என்ன இருக்கும்? உடைகிற ஒரு ஜன்னல், புகைகிற ஒரு கார். அதற்கென்று எபிசோடுக்கு ஒதுக்கியிருந்த 50 பவுண்டுதான் விண்கலங்களுக்கும் கிடைத்தது என்று எஃபெக்ட்ஸ் ஆட்கள் பிற்பாடு சொல்லிச் சிரித்த கதை தொடரின் ரசிகர்களிடம் பிரபலம். சொல்லிச் சொல்லி அந்தக் கதைக்குக் கொஞ்சம் மெருகு ஏறியிருக்கலாம். திரையைப் பார்த்தால் நம்ப முடியாத தொகையாகவும் தோன்றவில்லை.

ஆனால் இன்றைய கண்ணுக்கு ‘மலிவு’ என்று படுவதெல்லாம் மலிவால் வந்தது அல்ல. அன்றைய பிரிட்டிஷ் தொலைக்காட்சி இயங்கிய முறைக்கே அதில் பெரிய பங்கு உண்டு. அதைப் புரிந்துகொண்டால் பார்க்கிற விதமே மாறிவிடும்.

உள்ளரங்கக் காட்சிகளை ஸ்டுடியோவில் வீடியோ டேப்பில் எடுத்தார்கள். வெளிப்புறக் காட்சிகளை 16 மி.மீ. ஃபிலிமில். ஃபிலிம் நொடிக்கு 25 படங்களைப் பிடிக்கும். வீடியோ கேமராவோ அதே நொடியை 50 துண்டுகளாக வெட்டிப் பதிகிறது. அதனால்தான் உள்ளே நடப்பது வழவழவென்று, கண்ணெதிரே ஓர் அறையில் நடப்பது போலவும், வெளியே நடப்பது சினிமா போலச் சொரசொரப்பாகவும் தெரிகிறது. ஒருவன் கப்பலிலிருந்து குவாரிக்குப் போனால் இடம் மட்டும் மாறுவதில்லை, படத்தின் தோலே மாறிவிடுகிறது. அன்றைய பிரிட்டிஷ் பார்வையாளர்களுக்கு அது பழக்கம், கண்டுகொள்ளவே மாட்டார்கள்.

ஸ்டுடியோவில் ஒரே நேரத்தில் நான்கைந்து கேமராக்கள் சுற்றி நிற்கும். எது எப்போது திரைக்குப் போக வேண்டும் என்பதை மேலே கண்ணாடி அறையில் உட்கார்ந்து அந்த நொடியிலேயே மாற்றிக்கொண்டிருப்பார்கள். எல்லாக் கேமராவுக்கும் ஒரே ஒளி போதுமாக இருக்க வேண்டும் என்பதால், மூலை முடுக்கு விடாமல் வெளிச்சம் பாய்ச்ச வேண்டியிருந்தது. நிழல் என்பது ஒரு செட்டின் முதல் நண்பன். நிழல் போய்விட்டால் பிளைவுட் பிளைவுட்டாகத் தெரியும். நடிகர்கள் லண்டனின் ஆக்டன் பகுதியில் இருந்த ஒத்திகைக் கட்டடத்தில், தரையில் ஒட்டிய வண்ண டேப்புகளைச் சுவராகவும் கதவாகவும் பாவித்துப் பல நாள் பயிற்சி எடுத்துவிட்டு ஸ்டுடியோவுக்கு வருவார்கள். இரவு 10 மணி அடித்தால் படப்பிடிப்பு நின்றுவிடும். அதற்குமேல் ஓட்டுவது தொழிற்சங்க விதிகளோடும் கூடுதல் சம்பளத்தோடும் மல்லுக்கட்டுகிற வேலை. மறுநாளோ அதற்கடுத்த நாளோ அதே தளத்தில் வேறு நிகழ்ச்சியின் செட் நிற்க வேண்டும். ஆகவே ஓர் இரவில் நிறுத்தி ஓர் இரவில் பிரிக்கத்தக்க சுவர்தான் சுவர். ஆடாமல் என்ன செய்யும்?

ஒன்பதேமுக்காலுக்குக் கடைசிக் காட்சி எடுக்கும்போது ஒருவர் வசனத்தில் லேசாகத் தடுமாறினால் அப்படியே விட்டுவிடுவார்கள். அந்தத் தடுமாற்றங்களை நான் இப்போது தேடிப் பிடித்து ரசிக்கிறேன். அவசரமும் களைப்பும் அந்தப் பாத்திரங்களுக்குப் பொருத்தமாகவே அமைந்துவிட்டன.

இந்த மரபு பிளேக்ஸ் 7இல் தொடங்கியதும் அல்ல. 1953 ஜூலை, ஆகஸ்ட்டில் பிபிசி ஒளிபரப்பிய ஆறு பகுதி ‘குவாட்டர்மாஸ் எக்ஸ்பெரிமென்ட்’ நேரடி ஒளிபரப்பாகவே வந்தது. விண்வெளிக்குப் போய்த் திரும்பிய மனிதன் ஒரு ராட்சதத் தாவரமாக மாறி வெஸ்ட்மின்ஸ்டர் தேவாலயத்தில் படர்ந்து கிடப்பதுதான் உச்சக்கட்டம். அந்த ராட்சதன் எது தெரியுமா? எழுதிய நைஜல் நீல், கையுறைகளில் இலை தழைகளை ஒட்டிக்கொண்டு, தேவாலயத்தின் பெரிய புகைப்படம் ஒன்றில் ஓட்டை போட்டு அதன் வழியே தன் கைகளை நீட்டி அசைத்தார். பார்த்தவர்கள் பயந்தார்கள். ஆறில் முதல் இரண்டு பகுதிகள் மட்டுமே இன்று எஞ்சியிருக்கின்றன, கடைசிக் காட்சியை இனி யாரும் பார்க்க முடியாது. பிளேக்ஸ் 7 அந்த வகையில் அதிர்ஷ்டசாலி. 52 எபிசோடும் பத்திரமாக இருக்கின்றன.

இனி, பணமில்லாமை கதைக்குள் புகுந்து வேலை செய்த இடங்கள்.

ஒரு விண்கலம் கிரகத்தில் இறங்குவதைக் காட்டுவது செலவு. ஒவ்வொரு வாரமும் காட்டினால் கஜானா காலி. 1966இல் ‘ஸ்டார் ட்ரெக்’ இதே சிக்கலில் மாட்டியபோது, ஆட்களை அப்படியே மறையவைத்துக் கீழே தோன்றவைக்கும் உத்தியைக் கையிலெடுத்தது. நேஷனும் அதை எடுத்துக்கொண்டார், எடுத்ததோடு நிறுத்தவில்லை. இவருடைய ஆட்கள் கீழே போய்வர ஒரு வளையல் வேண்டும். வளையல் கையில் இல்லாவிட்டால் திரும்பி வர முடியாது. வளையல் தொலையும், உடையும், எதிரியிடம் சிக்கும். நான்கு பேருக்கு மூன்று வளையல்தான் மிஞ்சும். சில பவுண்டு பெறுமான பிளாஸ்டிக் வளையம் ஒன்று எத்தனை எபிசோடுகளின் பதற்றத்தைச் சுமந்திருக்கிறது என்று எண்ணிப் பார்த்தால் சிரிப்பும் வரும், மரியாதையும் வரும்.

அரசைக் காட்டிய விதம் இதைவிட முக்கியமானது. அண்டமெங்கும் பரந்த பேரரசு என்றால் படைகள், மாநகரங்கள், ஆயிரக்கணக்கான கப்பல்கள் வேண்டும். எதுவும் கிடையாது. முதல் எபிசோடான ‘தி வே பேக்’கை எடுத்துக்கொள்ளுங்கள். விண்வெளிச் சாகசம் என்று நம்பி டிவி முன்னால் உட்கார்ந்தவர்களுக்கு அன்று கிடைத்தது வேறு. கூரை மூடிய நகரம். குடிக்கும் நீரிலும் உணவிலும் மயக்க மருந்து. பிளேக் முன்பு எதிர்ப்பு இயக்கத்தின் தலைவனாக இருந்தவன், நினைவு அழிக்கப்பட்டுச் சாதாரணக் குடிமகனாக வாழ்கிறான். ஒரு ரகசியக் கூட்டத்துக்குப் போகிறான். கூட்டத்தில் இருந்தவர்களைப் படை சுட்டுத் தள்ளுகிறது, அவன் மட்டும் தப்புகிறான். அவனைக் கொன்றால் தியாகி ஆகிவிடுவான். ஆகவே சிறுவர்களிடம் தவறாக நடந்தான் என்று பொய்க் குற்றம் சுமத்துகிறார்கள், சாட்சிச் சிறுவர்களின் நினைவுகளையும் திருத்திவிட்டு. வழக்கு சில நிமிடங்களில் முடிந்துவிடுகிறது. அவனுக்காக வாதாடிய வழக்கறிஞருக்குச் சந்தேகம் வந்து, மனைவியோடு சேர்ந்து ஆதாரத்தைத் தேடிக் கண்டுபிடிக்கிறார். எபிசோடு முடிவதற்குள் இருவரும் பிணம். பிளேக் ஏறிய சிறைக் கப்பல் அதற்குள் கிளம்பிவிடுகிறது.

இதில் எதற்குப் பணம் வேண்டும்? சில தாழ்வாரங்கள், மேசை, கோப்பு, அமைதியான குரலில் பேசும் மூன்று அதிகாரிகள். பேரரசைக் காட்ட வழியில்லாததால் அது அலுவலகமாகச் சுருங்கியது. அலுவலகமானதும் உண்மையான அரசு போல ஆகிவிட்டது. முகம் மூடிய ஆயிரம் சிப்பாய்களைவிட, ‘இது முறைப்படியே நடந்தது’ என்று சொல்லிவிட்டுத் தாளைப் புரட்டும் ஓர் ஆள் எனக்கு அதிகக் கிலி ஊட்டுகிறார். ஃபெடரேஷனின் சின்னம் ஸ்டார் ட்ரெக் சின்னத்தைப் பக்கவாட்டில் படுக்கவைத்தது போல இருப்பதை ரசிகர்கள் நெடுநாளாகச் சுட்டிக்காட்டி வருகிறார்கள். வேண்டுமென்றே செய்தார்களோ என்னவோ, பொருத்தம் அபாரம்.

தொழிற்சாலை, அணுமின் நிலையம் என்று கிடைத்த நிஜக் கட்டடங்களையெல்லாம் எதிர்கால நகரமாக்கினார்கள். செவர்ன் நதிக்கரையில் உள்ள ஓல்ட்பரி அணுமின் நிலையத்தின் குழாய்களுக்கும் படிக்கட்டுகளுக்கும் இடையே ஓடுகிறபோது, அது எதிர்காலம் போலத் தோன்றாமல் 1970களின் பிரிட்டன் போலவே தெரிகிறது. அதுவும் நல்லதற்கே. 1976இல் சர்வதேச நிதியத்திடம் கடன் கேட்டு நின்ற நாடு அது. இரண்டாம் சீசன் ஓடிய 1979 ஜனவரியில் தெருவெல்லாம் வேலைநிறுத்தம், அள்ளாத குப்பை. பளபளக்கும் எதிர்காலத்தை அந்தக் குளிர்காலத்தில் யார் நம்பியிருப்பார்கள்?

மூன்றாவது விஷயம், பேச்சு. ஒரு மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவான எபிசோடில் வெளிப்புறப் படப்பிடிப்புக்கும் மினியேச்சர் கப்பல்களுக்கும் கிடைப்பது கொஞ்ச நேரம்தான். மீதியைக் கப்பலின் ஒரே கட்டுப்பாட்டு அறையில் கழித்தாக வேண்டும். ஒரே அறையில் ஐந்தாறு பேரை அடைத்துவைத்தால் சண்டை வரும். பௌச்சர் அந்தச் சண்டையையே தொடரின் முதுகெலும்பாக்கினார். ஏவானுக்குப் பிளேக்கின் லட்சியத்தில் நம்பிக்கை இல்லை. கப்பல் மட்டும் தனக்கு வேண்டும் என்பதை அவன் மறைப்பதும் இல்லை. பிளேக்குக்கு ஏவானின் மூளை வேண்டும், ஏவான் வேண்டாம். வீலா இருவரையும் பார்த்துப் பயப்படுகிறான், கூடவே இருவரையும் கிண்டலும் செய்கிறான். பால் டாரோ ஏவானின் வசனங்களைக் கத்தியைத் துணியால் துடைப்பவர் போல நிதானமாகச் சொல்வார். எதிரே மைக்கேல் கீட்டிங்கின் வீலா. 52 எபிசோடிலும் தலைகாட்டிய ஒரே பாத்திரம் இந்தக் கோழைதான்.

குரலைப் பற்றியும் ஒரு வார்த்தை. கப்பலின் கணினி ஜென், பிறகு வரும் கண்ணாடிப் பெட்டி ஓராக், கடைசி சீசனின் ஸ்லேவ்: மூன்றுக்கும் குரல் பீட்டர் டடன்ஹாம். ஜென் நிதானமான உத்தியோகஸ்தர். ஓராக் எரிந்துவிழும் பேராசிரியர். தன்னைக் கேள்வி கேட்பதே கால விரயம் என்ற தோரணை. ஸ்லேவ் குழைந்து குழைந்து பேசும் அடிமை. வெறும் விளக்குகள் மினுக்கும் ஒரு பெட்டியிடம் எனக்குக் கோபம் வந்தது என்றால், அந்தக் கோபம் முழுவதும் டடன்ஹாம் தொண்டையால் சம்பாதித்தது.

சர்வலான் பற்றிச் சொல்லாவிட்டால் ரசிகர்கள் அடிக்க வருவார்கள். ஃபெடரேஷனின் தலைமைத் தளபதி. ஜாக்குலின் பியர்ஸ் தலைமுடியை ஒட்ட வெட்டிக்கொண்டு, வெள்ளைக் கவுன்களில் வந்து நின்றார், பின்னால் கறுப்புக்கு மாறினார். கல்குவாரியில் ஹீல்ஸ் போட்டு நடக்கும் ஆள் என்று தொடக்கத்தில் கிண்டல் செய்தேனே, அது இவர்தான். ஆனால் இரண்டாம் முறை பார்க்கும்போது அந்தக் காட்சி வேறு மாதிரி பட்டது. சேறும் கல்லுமான இடத்தில் அழுக்குப் படாமல் நிற்பவர்தான் அதிகாரம் படைத்தவர். படை இல்லாத குறையை அந்தக் கவுன் தீர்த்துவைக்கிறது.

பணத்தின் மேல் பழியைப் போட முடியாத குறைகளுக்கு வருகிறேன். ஜென்னா அந்தக் கூட்டத்திலேயே அனுபவமுள்ள விமானி. கேல்லி கெரில்லாப் போராளி. முதல் சில எபிசோடுகளில் இருவருக்கும் முதுகெலும்பு உண்டு. போகப் போக ஆண்கள் கிரகத்துக்குப் போவார்கள், பெண்கள் அவர்களைக் கீழே அனுப்பும் டெலிபோர்ட் கருவியின் பலகை அருகே நின்று விசையை நகர்த்துவார்கள். ஜென்னாவாக நடித்த சாலி நைவெட் தன் பாத்திரம் இப்படித் தேய்ந்ததில் வெறுத்துப்போய் இரண்டாம் சீசனோடு விலகினார். அவரை ஒரு சண்டைக்கு அனுப்ப ஒரு பென்னிகூட அதிகம் ஆகியிருக்காது. எழுதியவர்களுக்குத் தோன்றவில்லை, அவ்வளவுதான். மூன்றாம், நான்காம் சீசன்களில் ரோமத் தோல் போர்த்திய மனிதர்கள் மிருகமாக உலாவும் ‘அனிமல்ஸ்’ போன்ற எபிசோடுகளிலும் உடையைவிட ஸ்கிரிப்ட்தான் மோசம். தையற்காரர் மேல் பழி போடக் கூடாது.

இதற்கு நேர் எதிர், இரண்டாம் சீசனின் கடைசி எபிசோடு ‘ஸ்டார் ஒன்’. பௌச்சர் எழுதியது. ஃபெடரேஷனின் கிரகங்களில் பருவநிலை முதல் போக்குவரத்து வரை எல்லாவற்றையும் இயக்கும் ரகசியக் கணினி மையத்தை அழிக்கப் பிளேக் கிளம்புகிறான். அழித்தால் அரசு கவிழும். கூடவே எண்ணற்ற அப்பாவிகளும் சாவார்கள். கேல்லி அதைக் கேட்டேவிடுகிறாள். பிளேக் சொல்லும் பதிலின் சாரம்: ஜெயித்தே ஆக வேண்டும், ஜெயித்தால்தான் நான் செய்தது சரி என்று எனக்கே உறுதிப்படும். காரெத் தாமஸ் அதைச் சத்தமில்லாமல், பார்வையைத் தாழ்த்திச் சொல்கிறார். கதாநாயகன் என்று இதுவரை நாம் நம்பி வந்த மனிதனை அந்த ஒரு வாக்கியம் புரட்டிப்போட்டுவிடுகிறது. குண்டுவெடிப்புச் செய்திகளுக்குப் பழகிப்போன 1979இன் பிரிட்டனில், குடும்பமாக உட்கார்ந்து பார்க்கும் நேரத்தில் இப்படி ஒரு வரி. பின்னணியில் இருந்தது எப்போதும் காட்டும் அதே கட்டுப்பாட்டு அறை.

தொடர் மூன்றாம் சீசனோடு செத்திருக்க வேண்டியது. 1980 மார்ச் 31 அன்று வந்த ‘டெர்மினல்’ எபிசோடில் நேஷன் லிபரேட்டர் கப்பலையே அழுகி உருகவைத்து வெடிக்கச் செய்தார். நடிகர்களும் கதை முடிந்தது என்றே நம்பியிருந்தார்கள். பிபிசி1இன் பொறுப்பாளராக இருந்த பில் காட்டன் வீட்டில் உட்கார்ந்து அதைப் பார்த்து ரசித்துவிட்டு, உடனே ஒளிபரப்பு நிலையத்துக்கு ஃபோன் போட்டார். கடைசிப் பெயர்கள் ஓடும்போதே அறிவிப்பாளர் தொடர் மறுபடி வரும் என்று சொல்லிவிட்டார். தயாரிப்புக் குழுவில் இருந்தவர்களே அதைக் கேட்டு வாய்பிளந்தார்கள். கப்பல் இல்லை, செட் இல்லை, தயாரிப்பாளர் மலோனியும் இல்லை. அந்த அவசரத்தின் தழும்புகள் நான்காம் சீசன் முழுக்கத் தெரிகின்றன. புதிய கப்பல் ஸ்கார்ப்பியோ ஒரு பழைய சரக்கு வண்டி. மூன்று சக்கர ரவுடிகள் இந்தச் சீசன்காரர்கள்தான்.

ஆனால் இந்தத் தொடரிலேயே எனக்கு மிகப் பிடித்த ஏழெட்டு நிமிடங்களும் இந்தச் சீசனில்தான் இருக்கின்றன. 1981 டிசம்பர் 7 அன்று வந்த ‘ஆர்பிட்’. எழுதியவர் ராபர்ட் ஹோம்ஸ்.

ஏவானும் வீலாவும் ஒரு சிறு ஓடத்தில் கிரகத்தை விட்டுக் கிளம்புகிறார்கள். கூட ஓராக் பெட்டி. எதிரியின் சதியால் ஓடத்தின் எடை கூடியிருக்கிறது. ஈர்ப்பைத் தாண்டும் வேகம் கிடைக்கவில்லை. கழற்ற முடிந்ததையெல்லாம் கழற்றி வெளியே எறிகிறார்கள். போதவில்லை. இன்னும் எவ்வளவு என்று ஏவான் கேட்கிறான். 70 கிலோ என்கிறது ஓராக். வீலா அந்த நேரம் வேறு பகுதியில் இருக்கிறான். 70 கிலோ எடையுள்ள பொருள் இங்கே என்னதான் இருக்கிறது என்று ஏவான் எரிச்சலோடு கத்துகிறான். ஓராக் கணக்கு வாத்தியார் தொனியில் பதில் சொல்கிறது: வீலாவின் எடை 73 கிலோ.

ஏவான் சற்றுநேரம் அசையாமல் நிற்கிறான். பிறகு துப்பாக்கியை எடுத்துக்கொண்டு தேடக் கிளம்புகிறான். ஓடத்தின் தாழ்வாரம் இருட்டு. வீலா, எங்கே இருக்கிறாய், எனக்கு உன் உதவி வேண்டும் என்று அன்பொழுகக் கூப்பிடுகிறான். அதுவரை வீலாவிடம் ஒருமுறைகூட அப்படிப் பேசியதில்லை. ஒரு இடுக்கில் முழங்காலைக் கட்டிக்கொண்டு வீலா உட்கார்ந்திருக்கிறான். வாயை இறுக்கி மூடியிருக்கிறான், கண்ணில் நீர். கிட்டத்தட்ட நான்கு வருடம் நம்மைச் சிரிக்கவைத்த அதே முகம்.

கடைசியில் எடைக்குக் காரணமான துணுக்கு கண்ணில் படுகிறது. விரல்நுனி அளவுதான், ஆனால் நியூட்ரான் நட்சத்திரத்தின் அடர்த்தி கொண்ட பொருள். ஏவான் உடல் பலமெல்லாம் திரட்டி அதை வாசல் வரை தள்ளிக்கொண்டு போகிறான். இருவரும் பிழைக்கிறார்கள். கப்பலுக்குத் திரும்பிய பிறகு ஒருவரையொருவர் பார்த்துப் பேசிக்கொள்ளும் இரண்டு வரிகளில் நட்பு என்று இருந்த கொஞ்சநஞ்சமும் போய்விட்டது தெரிகிறது. செலவு என்ன? ஒரு தாழ்வாரம், ஓர் இடுக்கு, இரண்டு நடிகர்கள், ஒரு மீன்தொட்டி. பத்து மடங்கு பணம் இருந்திருந்தால் அந்த இடத்தில் ஒரு வெடிப்பு வைத்திருப்பார்கள்.

2024இல் முதல் சீசனைச் சுத்தப்படுத்திப் புளூ-ரேயில் வெளியிட்டபோது, விரும்பினால் புதிய கிராபிக்ஸோடு பார்த்துக்கொள்ளவும் வசதி செய்து கொடுத்தார்கள். பழைய மினியேச்சருக்குப் பதில் கணினியில் வரைந்த கப்பல். நேர்த்தியான வேலை, குறை சொல்ல மாட்டேன். நான் பழைய கப்பலோடுதான் பார்ப்பேன். பச்சை உருண்டை எரியும் பின்புறமும் முன்னால் நீளும் மூன்று தூண்களுமாக ரோஜர் மர்ரே-லீச் வடிவமைத்த லிபரேட்டர், நூல் தெரிந்தாலும் அழகு.

கடைசி எபிசோடு ஒளிபரப்பானது கிறிஸ்துமஸுக்கு நான்கு நாள் முன்னால். பௌச்சர் எழுதியது, பெயர் ‘பிளேக்’. தன் பாத்திரம் சந்தேகத்துக்கு இடமில்லாமல் சாக வேண்டும் என்ற நிபந்தனையோடுதான் காரெத் தாமஸ் திரும்பி வந்தார். பிளேக் இப்போது முகத்தில் தழும்போடு, காசுக்கு ஆள்பிடிப்பவன் போல நடித்து, தன் இயக்கத்துக்கு ஆள் சேர்த்துக்கொண்டிருக்கிறான். ஏவானுக்கு அது தெரியாது; பிளேக் நம்மை விற்றுவிட்டான் என்று கூட இருப்பவன் சொல்கிறான். எங்களை, என்னை, காட்டிக்கொடுத்தாயா என்று ஏவான் கேட்கிறான். பிளேக் விளக்கம் சொல்லாமல், உனக்காகத்தான் காத்திருந்தேன் என்று கையை நீட்டியபடி அருகே வருகிறான். ஏவான் சுடுகிறான், மூன்று முறை. பிளேக்கின் வயிற்றில் ரத்தம் தெறிக்கிறது.

காவலர்கள் உள்ளே வருகிறார்கள். டைனா, வீலா, சூலின், டாரன்ட் என்று ஏவானின் கூட்டாளிகள் ஒவ்வொருவராக மெதுவாகச் சரிகிறார்கள். ஏவான் பிளேக்கின் உடலுக்கு இருபுறமும் கால் ஊன்றி நிற்க, கறுப்பு ஹெல்மெட்டுகள் சுற்றி வளைக்கின்றன. அவன் நிமிர்ந்து பார்க்கிறான், துப்பாக்கியை உயர்த்துகிறான், லேசாகப் புன்னகைக்கிறான். பெயர்கள் ஓடத் தொடங்குகின்றன. சுடும் சத்தம் மட்டும் கேட்கிறது.